குளிருக்குப் பயந்து மந்தி முடி வளர்க்கவில்லை

ஹட்டன் பக்கமிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகள் தரம் 10 படிக்கிறாள். "மலைநாட்டு மந்திக்கு ஏன் முடி அடர்த்தி?" என்ற கேள்விக்கு, "குளிர் அதிகம் என்பதால் அது நிறைய முடி வளர்த்துக்கொண்டது" என்று எழுதினாளாம். ஆசிரியர் பாதிப் புள்ளிதான் கொடுத்தார். அதில் என்ன பிழை என்பது அம்மாவின் முதல் கேள்வி. பாடத்தில் வருவதெல்லாம் ஒட்டகமும் துருவக் கரடியும்தானே, நம் மலையில் உள்ளவற்றை வைத்து விளக்க முடியுமா என்பது இரண்டாவது. காடெல்லாம் தேயிலையாகிவிட்டதே, இதற்கும் அவை பழகிக்கொள்ளுமா என்பது மூன்றாவது.

ஆசிரியர் புள்ளி குறைத்தது சரிதான். ஆனால் மகள் எழுதியது பெரிய குற்றமும் இல்லை, நன்றாகப் படித்தவர்களே அப்படித்தான் பேசுகிறார்கள். எந்த மந்தியும் குளிரை உணர்ந்து, தேவை அறிந்து, முடியை வளர்த்துத் தன் குட்டிக்குக் கொடுக்க முடியாது. ஒரே கூட்டத்தில் பிறக்கும் குட்டிகளில் சிலவற்றுக்கு முடி கொஞ்சம் அடர்த்தி, சிலவற்றுக்குக் கொஞ்சம் ஐது. அந்த வேறுபாடு பிறப்பிலேயே வருகிறது, பெற்றோரிடமிருந்து வருகிறது, குளிரைக் கேட்டு வருவதில்லை. குளிரின் வேலை அதற்குப் பிறகுதான். எந்தக் குட்டி வளர்ந்து தானும் குட்டி போடும் வயது வரை தாக்குப்பிடிக்கிறது என்பதைக் குளிர் தீர்மானிக்கிறது. ஆயிரக்கணக்கான தலைமுறைகள் இப்படிப் போனால், மிஞ்சியிருப்பவை எல்லாம் அடர்ந்த முடி உள்ளவையாக இருக்கும்.

வேறுபாடு முதலில், தேர்வு அதற்குப் பின்னால். இந்த வரிசையை மாற்றி எழுதியதால்தான் மகளுக்குப் புள்ளி போயிற்று.

பிறப்பில் வரும் வேறுபாடு என்றால் என்ன என்று காட்ட நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, துயரமான உதாரணம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டியது. மீட்டெடுத்துச் சிகிச்சை கொடுத்தும் சில நாட்களில் செத்துப்போனது. பலர் அதைத் தனி இனம் என்று நினைத்தார்கள். அதுவும் சாதாரண இலங்கைச் சிறுத்தைதான், தோட்டத்தில் நாம் புலி என்று சொல்கிறோமே அதேதான். நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்புக்குள்ளேயும் புள்ளிகள் தெரியும். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அந்த மறைந்திருக்கும் மரபணு வந்தால்தான் குட்டி கறுப்பாகப் பிறக்கும். தாயும் தகப்பனும் மஞ்சள் தோலோடு இருந்தாலும் கறுப்புக் குட்டி பிறக்கலாம். அந்தக் குட்டி கறுப்பைக் கேட்டு வாங்கவில்லை. உலகத்தில் கருஞ்சிறுத்தைகள் அதிகம் இருப்பது ஈரமும் இருட்டும் நிறைந்த அடர்காடுகளில். வெட்டவெளியில் கறுப்பு பளிச்சென்று கண்ணில் பட்டுவிடும். அந்தக் குறை அடர்காட்டில் குறையாக இல்லாமல் போவது காரணமாக இருக்கலாம்.

சரி, மந்திக்கு வருவோம். இலங்கையில் மட்டுமே வாழும் கருமந்திக்கு நாட்டின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு கிளையினங்கள் உண்டு. கொழும்பைச் சுற்றிய தாழ்நிலத்தில் இருப்பதற்கு முடி குட்டையும் ஐதும். நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கம் இருப்பதைப் பார்த்தால் கரடிக் குட்டி மரமேறியது போலத் தெரியும், அவ்வளவு நீளமான முடி, கன்னத்திலும் அடர்ந்த மீசை. ஆங்கிலேயர்கள் அதைக் கரடிக் குரங்கு என்றே அழைத்தார்கள். ஊர்களிலும் தோட்டங்களிலும் கூரை மேல் ஓடும் செங்குரங்கிலும் இதே கதைதான், மலைநாட்டுக் கிளையினத்துக்கு முடி நீளம்.

தேவாங்கு இன்னும் தெளிவான சாட்சி. தாழ்நிலத் தேவாங்குக்குக் கை கால்கள் குச்சி குச்சியாக நீண்டிருக்கும். ஹோட்டன் சமவெளியில் உள்ளதற்கு அவை குட்டை, உடம்பு கட்டை, முடி தடிப்பம். நீண்ட கை கால் என்றால் உடம்புச் சூடு வெளியேற அவ்வளவு தோல் பரப்பு. குளிர் இடத்தில் அது நட்டம். இந்தத் தேவாங்கு அழிந்துபோயிற்று என்று பல காலம் நம்பியிருந்தார்கள். 2009இல் ஆய்வாளர்கள் அதை முதன்முறையாகப் படம் பிடித்தார்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும், பரீட்சையிலும் இது குழப்பும். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் முதல் இரண்டு நாள் நடுங்கும், அப்புறம் பழகிவிடும். அது ஒரே வாழ்நாளுக்குள் உடம்பு செய்துகொள்ளும் சரிக்கட்டல். பிள்ளைக்குப் பிள்ளை அதைக் கொண்டுபோக முடியாது. தேவாங்கின் குட்டைக் கால் அப்படியல்ல. அந்தக் குட்டியைப் பிறந்தவுடன் கொழும்புக்குக் கொண்டுபோய் வளர்த்தாலும் கால் நீண்டுவிடாது. இசைவாக்கம் என்று பாடத்தில் சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

இப்போது நம் மலையின் குளிர் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் துருவக் கரடியின் உதாரணம் இங்கே பொருந்தாமல் போவது அதனால்தான். ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். கடற்கரையில் சராசரி 27 பாகை என்றால் 1,900 மீற்றருக்குக் கிட்டே இருக்கும் நுவரெலியாவில் 16 பாகை. 2,100 மீற்றருக்கு மேலே உள்ள ஹோட்டன் சமவெளியில் தை, மாசி அதிகாலைகளில் புல் மேல் உறைபனி படியும். அதே நாள் மத்தியானம் தோல் எரிகிற வெயில். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். துருவத்தில் மாதக்கணக்கில் நீளும் குளிர்காலம் இங்கே ஒவ்வோர் இரவும் வந்து, விடிந்து சில மணித்தியாலத்தில் போய்விடுகிறது. அதனால் மாதக்கணக்கில் தூங்கிக் கழிக்கும் வித்தை இங்கே எடுபடாது. இரவைத் தாங்க வேண்டும், பகலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மழை, மூட்டம், காற்று இவையும் கூடவே.

மந்திக்குச் சொந்தச் சூடு இருக்கிறது. ஓணான், பல்லி வகைகளுக்கு அது இல்லை, வெளியே கிடைக்கும் சூடுதான். மலை உச்சியில் அவை எப்படி இருக்கின்றன? எனக்கு இந்த மலையில் மிகவும் பிடித்த கதை இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

உயரமான மூட்டக் காடுகளில் குட்டையான ஓர் ஓணான் இருக்கிறது. பாசி படிந்த கிளையில் பாசியோடு பாசியாக ஒட்டிக் கிடக்கும், வாலைக் கிளையில் சுற்றிப் பிடித்திருக்கும், நகர்வது மெதுவாக. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் கண்ணில் படாது. அதன் பெரிய செதில்களும் பச்சை, பழுப்புத் திட்டுகளும் அப்படி. இது முட்டையிடுவதில்லை, நேரே குட்டி போடுகிறது. ஓணான்களில் இது அபூர்வம். காரணம் லேசாகப் புரியும். மலையில் மண் சில்லென்று இருக்கும். அதில் முட்டையைப் புதைத்தால் குஞ்சு வளர நாளாகும், பூஞ்சணம் பிடிக்கலாம், வளராமலே போகலாம். முட்டை வயிற்றிலேயே இருந்தால், மிளகாய் காயவைப்பவர் வெயில் நகர நகரப் பாயை நகர்த்துவது போலத் தாய் அதை வெயில் விழும் கிளைக்கெல்லாம் கொண்டுபோகலாம். மூட்டம் விலகும் அந்தக் கொஞ்ச நேரச் சூடும் குட்டிக்குப் போய்ச் சேரும். நக்கிள்ஸ் மலையில் இதன் உறவான இன்னோர் இனம் உண்டு. அதைத் தனி இனமென்று 2006இல்தான் விவரித்தார்கள்.

இதற்கு விலை உண்டு. வயிற்றில் குட்டிகளைச் சுமக்கும் தாய் இன்னும் மெதுவாகும், ஒரு தடவையில் பெறும் குட்டிகளும் குறைவு. தாயைப் பறவை பிடித்தால் எல்லாம் ஒன்றாகப் போகும். எந்த இசைவாக்கத்தையும் விலையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இனி அதே காட்டில், அதே உயரத்தில், மூக்கில் கொம்பு வைத்த ஓணானைப் பாருங்கள். ஆணுக்குக் கொம்பு வெள்ளையாக, கூராக நீட்டிக்கொண்டிருக்கும். அது முட்டைதான் இடுகிறது, மண்ணைத் தோண்டிப் புதைத்து மூடிவிட்டுப் போகிறது. புல்வெளி ஓரத்துப் புதர்களில் வெயில் காயும் கறுப்பு உதட்டுப் பச்சை ஓணானும் முட்டைதான் இடுகிறது. ஒரே குளிர், மூன்று ஓணான்கள், அதில் ஒன்று மட்டும் குட்டி போடுகிறது. குளிர் வந்தால் உடம்பு தானாக மாறும் என்பது உண்மையானால் மூன்றும் ஒரே மாதிரி மாறியிருக்க வேண்டும். எந்த இனத்தில் எந்த வேறுபாடு தற்செயலாகப் பிறந்ததோ, அதை வைத்துத்தான் அந்த இனம் காலம் தள்ள முடிந்தது. மகளின் விடையில் உள்ள பிழையை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்புறம், கொம்பு குளிருக்காக வந்தது என்று எழுதிவிட வேண்டாம். ஆணுக்கே அது பெரிதாக இருப்பதைப் பார்த்தால் இணையைக் கவரவும் மற்ற ஆணுக்குத் தன்னைக் காட்டவும் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. நக்கிள்ஸில் உள்ள உறவினத்துக்கு அதே இடத்தில் கொம்புக்குப் பதிலாக இலை மாதிரித் தட்டையான ஒன்று இருக்கிறது. உடம்பில் உள்ள எல்லாவற்றுக்கும் காலநிலையில் காரணம் தேடக் கூடாது.

தவளைகளில் இலங்கைக்கே உலகப் பெயர். பாடத்தில் தவளையின் வாழ்க்கை வட்டம் என்றால் தண்ணீரில் முட்டை, வால்பேத்தை, பிறகு தவளை. நம் மலையில் சாயங்காலம் மழை விட்டதும் புதர்களிலிருந்து டிக் டிக் என்று கேட்கும் சின்னஞ்சிறு புதர்த்தவளைகள் அந்த வட்டத்தையே பாதி வெட்டிவிட்டன. வால்பேத்தைப் பருவம் வெளியே இல்லை. பெண் தவளை காட்டுத்தரையில் சின்னக் குழி பறித்து, முட்டையிட்டு, மண்ணைப் போட்டு மூடிவிடும். சில இனங்கள் இலையின் அடியில் ஒட்டிவிடும். முட்டைக்குள்ளேயே எல்லாம் நடந்து முடிந்து, கை கால் முளைத்த ஒரு குட்டித் தவளை, விரல் நகத்தைவிடச் சிறியது, நேரே வெளியே வரும். இலையில் ஒட்டிய முட்டையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி போன்ற சவ்வுக்குள் அது காலை மடக்கி உட்கார்ந்திருப்பது தெரியும்.

நம் மலையில் தேங்கி நிற்கும் தண்ணீர் குறைவு. ஓடைகள் பாறையில் மோதிப் பாய்கின்றன, வால்பேத்தையை அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீரில் மீனும் பூச்சியும் தின்னக் காத்திருக்கும். ஓடையே வேண்டாம் என்றால் மலைச்சரிவு முழுவதும் வீடுதான். ஒவ்வொரு சரிவிலும் ஒதுங்கி ஒதுங்கி வாழ்ந்ததில் இவை தனித்தனி இனங்களாகப் பிரிந்தன. 70க்கும் மேற்பட்ட இனங்கள் இலங்கையில் மட்டுமே உண்டு. இதற்கும் விலை இருக்கிறது. ஓடில்லாத அந்த முட்டை காய்ந்தால் செத்துவிடும். மூட்டமும் நிழலும் இலைச்சருகும் இருந்தால்தான் பிழைக்கும். காட்டை வெட்டினால் மண் காய்கிறது, முட்டையும் காய்கிறது. இந்தக் குடும்பத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் இப்போது உலகத்திலேயே இல்லை. பழைய சேகரிப்புகளில் உள்ள உடல்களை வைத்துத்தான் அவை இருந்தன என்று தெரிகிறது.

இன்னொரு மலைத்தவளை வேறு வழி கண்டது. குளத்துக்கு மேலே தொங்கும் கிளையில் நுரையால் கூடு கட்டி முட்டையிடும். முட்டை நுரைக்குள் ஈரமாக இருக்கும், வால்பேத்தைகள் ஓரளவு வளர்ந்த பிறகு கீழே தண்ணீரில் விழும்.

தோட்டத்தில் கான் வெட்டும்போதோ மரக்கறிப் பாத்தி கொத்தும்போதோ மண்ணிலிருந்து வழுவழுப்பான ஒரு குட்டிப் பாம்பு வருமே, ஒரு முழ நீளம்கூட இருக்காது, வாலும் தலையும் எது என்று சட்டென்று தெரியாது. இருதலைப் பாம்பு என்று சொல்லி மண்வெட்டியால் வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வெட்ட வேண்டாம், அதற்கு நஞ்சில்லை. கையில் எடுத்தால் கடிக்காது, விரலைச் சுற்றிக்கொண்டு வால் நுனியால் குத்தப் பார்க்கும், அதுவும் வலிக்காது. தின்பது மண்புழு.

அந்த உடம்பைக் கிட்டே வைத்துப் பார்த்தால் மண்ணுக்குள் வாழ்வதற்கே செய்யப்பட்டது என்று தெரியும். தலை ஆணி முனை போலக் கூர், கண் பொட்டளவு. உடம்பின் முன்பகுதியில் மட்டும் கனத்த தசை, அதற்கு உயிர்வளியைச் சேமிக்கும் புரதமும் அதிகம். அந்தப் பகுதியை வளைத்து மண்சுவரில் முட்டுக்கொடுத்து, தலையை முன்னே தள்ளித் துளைக்கும், பின்பகுதி இழுபட்டு வரும். வால் நுனியில் சொரசொரப்பான ஒரு தகடு. அதில் மண் ஒட்டிக்கொள்ளும். பின்னால் ஏதாவது துரத்தி வந்தால் வளையின் வாயை அந்த மண் பிடித்த வாலே மூடிவிடும். செதில்களோ மண் ஒட்டாத வழுவழுப்பு, வெயிலில் பிடித்தால் நீலமும் ஊதாவும் மின்னும். இதுவும் குட்டி போடும் பாம்புதான். இந்த வகைப் பாம்புகள் உலகத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு.

அட்டையைப் பற்றி மலைநாட்டவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காலடி அதிர்வையும் மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும் உணர்ந்து வரும், இரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளைச் செலுத்தும், ஒரு முறை வயிறு நிறைந்தால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

உடம்பில் மட்டுமல்ல, நடத்தையிலும் இசைவாக்கம் உண்டு. ஹோட்டன் சமவெளியில் பொழுது சாயும் நேரம் மரைகள் காட்டிலிருந்து திறந்த புல்வெளிக்குக் கூட்டமாக வரும். காட்டுக்குள் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ திரிவதும் அதே மரைதான். திறந்தவெளியில் பல கண்கள் சேர்ந்து சிறுத்தையைத் தேடுகின்றன. கருமந்தி விடிந்ததும் மர உச்சிக்கு ஏறி வெயில் காய்கிறது. தின்பது பெரும்பாலும் இலை. அதைச் செரிக்கப் பல அறைகள் கொண்ட வயிறும் அதில் நுண்ணுயிர்களும் இருக்கின்றன, அதனால் தின்றுவிட்டு நெடுநேரம் சும்மா இருக்க வேண்டும். ஆனால் நடத்தையில் சில கற்றுக்கொண்டவை. சமவெளி வாசலில் மனிதர் கையிலிருந்து தின்னப் பழகிய மரை இசைவாக்கத்துக்கு உதாரணமில்லை. பொலித்தீனோடு சேர்த்து விழுங்கி வயிறு அடைக்கும் பழக்கம் அது. உணவு கொடுக்காதீர்கள்.

இனி மூன்றாவது கேள்வி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டமாகப் பயிரிட்டது 1867இல். அதற்கு முன்பே கோப்பிக்காக எவ்வளவோ காடு வெட்டப்பட்டாயிற்று. நம் முன்னோர்களைக் கொண்டுவந்து வெட்டவைத்த காடு அது. மொத்தத்தில் இருநூறு வருடத்துக்குள் நடந்தது. மேலே சொன்ன ஓணானும் தவளையும் உருவாகப் பல இலட்சம் வருடங்கள் பிடித்தன. அதனால் யார் பழகுவார்கள் என்பதற்குத் தலைமுறை நீளத்தைப் பார்க்க வேண்டும்.

தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டு நன்றாகவே பிழைத்துக்கொண்டது. கொழுந்து பறிக்கும்போது கை பட்டதும் கிளை படக்கென்று முறிந்தால், முறிந்த இடத்தில் குண்டூசித் துளை இருந்தால், அதன் வேலைதான். எள்ளளவு வண்டு. ஆனால் விவசாயி. பெண் வண்டு வாய்ப்பக்கத்துச் சிறு பையில் ஒரு பூஞ்சணத்தின் வித்துகளைக் கொண்டுவந்து, தண்டுக்குள் சுரங்கம் குடைந்து, அதன் சுவரில் பயிரிடுகிறது. புழுக்கள் மரத்தைத் தின்பதில்லை, அந்தப் பூஞ்சணத்தைத்தான் தின்கின்றன. தேயிலை வருமுன்பே வேறு மரங்களில் இந்த வித்தையோடு வாழ்ந்த வண்டுக்கு, மலை முழுக்க ஒரே செடியை நட்டு வைத்தது விருந்தாகிவிட்டது. ஒரு தலைமுறைக்குச் சில வாரங்கள் போதும். தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் இந்த வண்டோடு மல்லுக்கட்டியது தலைமுறைக் கணக்கில்.

சிறுத்தைக்கு அவ்வளவு வேகத் தலைமுறை இல்லை. அது பிழைப்பது வேறு காரணத்தால். எதையும் தின்னும். மரை, பன்றி, முள்ளம்பன்றி, கேளையாடு, லயத்து நாய் வரை. பகலில் ஓடையோரத்துச் சின்னக் காட்டுத்துண்டில் படுத்து, இரவில் தேயிலை வரிசை வழியே நடந்து அடுத்த காட்டுக்குப் போகும். இந்தத் தாராளம் தேயிலைக்காக வந்ததில்லை, ஏற்கெனவே இருந்தது இப்போது உதவுகிறது. ஆனால் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்குக்கு எந்த இசைவாக்கமும் உதவாது.

மூட்டக்காட்டு ஓணான், புதர்த்தவளை, குட்டைக்கால் தேவாங்கு இவற்றுக்கு இரண்டு வழியும் அடைபட்டிருக்கிறது. தலைமுறை மெதுவாகப் போகிறது, வாழ்க்கையும் ஒரு குறிப்பிட்ட ஈரத்துக்கும் குளிருக்கும் கட்டுப்பட்டது. தேயிலை வரிசையில் அவற்றால் வாழ முடியாது. ஒரு காட்டுத்துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தேவாங்கு தரையில் இறங்கி நடப்பது அரிது, பெரும்பாலும் கிளையோடு கிளை தொட்டிருந்தால்தான் போகும். பூமி சூடேறினால் குளிரைத் தேடி மேலே ஏறத்தான் வேண்டும். பிதுருதலாகல மலையே 2,524 மீற்றரில் முடிந்துவிடுகிறது. ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மூன்றையும் 2010இல் உலக மரபுரிமையாக அறிவித்தது நல்ல காரியம். ஆனால் அவற்றுக்கு வெளியே, தோட்டங்களுக்குள் ஓடையோரமாக மிஞ்சியிருக்கும் சோலைத் துண்டுகள்தான் இந்தச் சிறு உயிர்களுக்கு நடைபாதை. விறகுக்கென்று அவற்றைத் துப்புரவாக்காமல் விட்டாலே பெரிய உதவி. உங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு துண்டு இருந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு அதன் ஓரத்தில் மழை விட்ட சாயங்காலம் ஒன்றில் நில்லுங்கள். டிக் டிக் சத்தம் எந்த உயரத்துப் புதரிலிருந்து வருகிறது, தேயிலைப் பக்கம் ஏன் கேட்பதில்லை என்று அவளையே எழுதச் சொல்லுங்கள்.